மருத்துவக் காப்பீடு கட்டாயமா? அமெரிக்க மாநிலச் சட்டங்கள் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரி பிறந்துவிட்டால் என் போனில் ஒரே கேள்வி பல குரல்களில் வரும். நியூஜெர்சியில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் வரிப் படிவம் நிரப்பத் தடுமாறுகிறவர்களோடு உட்கார்ந்து உதவுவது என் வழக்கம். வழக்கறிஞரும் இல்லை, ஆடிட்டரும் இல்லை. சொன்னதையே சொல்லிச் சலித்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அக்கா, அமெரிக்காவுல ஹெல்த் இன்ஷூரன்ஸ் கட்டாயமா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் முடியாது. நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்று சொன்னால் முடியும். மாசசூசெட்ஸ், நியூஜெர்சி, கலிபோர்னியா, ரோட் ஐலண்ட், தலைநகர் வாஷிங்டன் டி.சி. ஆகிய இடங்களில் காப்பீடு இல்லாவிட்டால் மாநில வரிக்கணக்கில் அபராதம் விழும். வெர்மான்ட்டில் சட்டப்படி கட்டாயம், ஆனால் அபராதம் கிடையாது. டெக்சாஸ், ஜார்ஜியா, வட கரோலினா போன்ற மற்ற இடங்களில் இல்லாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒபாமாகேரையே எடுத்துட்டாங்கன்னு சொன்னாங்களே?

எடுக்கவில்லை. 2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்திட்ட அந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் இன்றும் இருக்கிறது. அதில் ஒரு பல்லை மட்டும் பிடுங்கினார்கள். எல்லோரும் காப்பீடு வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்ற பகுதி 2014-இல் நடைமுறைக்கு வந்தது. முதல் வருடம் ஆளுக்கு 95 டாலர் அல்லது வருமானத்தில் 1 சதவீதம். 2016-இல் 695 டாலர் அல்லது 2.5 சதவீதம். இரண்டில் எது அதிகமோ அது.

2017 டிசம்பரில் வந்த வரிச் சட்டம் அந்த அபராதத்தைப் பூஜ்யமாக்கியது. 2019 தொடக்கத்திலிருந்து அமல். காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்ற வாசகம் சட்டத்தில் அப்படியேதான் இருக்கிறது. மீறினால் கட்ட வேண்டிய தொகை 0 டாலர். இந்த விசித்திரம் பின்னால் ஒரு வழக்குக்கே வழிவிட்டது. அது கீழே வரும்.

கட்டலைன்னா போலீஸ் கேஸ் ஆகுமா?

ஆகாது. இது குற்றமே இல்லை. மத்திய அபராதம் இருந்த காலத்திலும், கட்டாதவர்மேல் குற்ற வழக்கு போடக்கூடாது, சொத்தை முடக்கக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. திரும்ப வரவேண்டிய வரிப்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மாநிலங்களில் இது மாநில வரியோடு சேர்ந்த பாக்கி.

என் உடம்பு, என் காசு. எனக்கு வேணாம்னா அரசாங்கத்துக்கு என்ன?

இதைக் கேட்காத இளைஞரே இல்லை. கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு வாஷிங்டன் மாநிலத்தின் கதைதான் பதில். டி.சி. இல்லை, சியாட்டில் இருக்கிற மாநிலம்.

1993-இல் அந்த மாநிலம் ஒரு பெரிய சட்டம் போட்டது. நோய் இருக்கிறது என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. கூடவே எல்லோரும் காப்பீட்டுக்குள் வரவேண்டும். 1995-இல் சட்டமன்றக் கீழவையில் பெரும்பான்மை மாற, 'எல்லோரும் வரவேண்டும்' என்பதை நீக்கிவிட்டு, 'யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது' என்பதை வைத்துக்கொண்டார்கள். இரண்டாவதுதானே மக்களுக்குப் பிடித்தது. அப்புறம் என்ன ஆகும்? நன்றாக இருக்கிறவர் வெளியே நிற்பார், நோய் வந்தபின் உள்ளே வருவார், குணமானதும் போய்விடுவார். செலவு ஏற, பிரீமியம் ஏறும். பிரீமியம் ஏற, இன்னும் கொஞ்சம் ஆரோக்கியமானவர்கள் கழன்றுகொள்வார்கள். 1999-இல், வேலை வழியாக இல்லாமல் தனியாகக் காப்பீடு வாங்கப் போனால் விற்க ஒரு நிறுவனமும் இல்லாத நிலைக்கு அந்த மாநிலம் வந்தது. 2000-இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் நிறுவனங்கள் திரும்பின.

சீட்டு போட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். பணம் தேவைப்படுகிற மாதம் மட்டும் சீட்டில் சேர்ந்து, எடுத்துக்கொண்டு போகலாம் என்றால் அந்தச் சீட்டு எத்தனை மாதம் ஓடும்? இன்னொன்றும் உண்டு. 1986-இன் மத்தியச் சட்டப்படி, அவசரப் பிரிவுக்கு வருகிறவரைக் காசு இல்லை என்று ஆஸ்பத்திரி அப்படியே திருப்பி அனுப்ப முடியாது. காப்பீடு இல்லாதவரின் செலவு கடைசியில் யாராவது ஒருவர் தலையில்தான் விடியும்.

வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம்தானே? அது மாதிரிதானே இதுவும்?

நம் ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் சொல்லும் உவமை. பாதிதான் பொருந்தும். இந்தியாவில் கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு, நீங்கள் இடித்த ஆளுக்காக, உங்களுக்காக இல்லை. வண்டி வேண்டாம் என்றால் காப்பீடும் வேண்டாம். உடம்பை அப்படி விற்றுவிட முடியாதே!

சட்டப்படி பெரிய வித்தியாசம் வேறு. அமெரிக்காவில் மக்களின் உடல்நலம், பாதுகாப்புக்காகச் சட்டம் போடும் பொது அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு. மத்திய அரசுக்கு அரசியலமைப்பு எழுதிக் கொடுத்த அதிகாரங்கள் மட்டுமே. ஆகவே ஒரு மாநிலம் "எடு" என்று சொன்னால் பெரிய வழக்கு வராது. மத்திய அரசு அதையே சொன்னபோது நாடே இரண்டுபட்டது. 2012 மார்ச்சில் உச்ச நீதிமன்ற விசாரணையில், "அப்படியென்றால் எல்லோரும் பிராக்கோலி வாங்கு என்றும் சொல்லலாமா?" என்ற பொருளில் நீதிபதி ஸ்காலியா கேட்டது அதனால்தான்.

இதை முதல்ல ஆரம்பிச்சது யாரு? ஒபாமாதானே?

இல்லை. தனிமனிதர்மேல் அபராதத்தோடு கட்டாயத்தை முதலில் நடைமுறைப்படுத்தியது மாசசூசெட்ஸ். 2006 ஏப்ரலில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி. 2007 ஜூலை 1 முதல் அமல். முதல் வருடம் தவறினால் இழப்பு 219 டாலர்தான். யோசனை அதற்கும் பழையது. 1989-இல் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற வலதுசாரி ஆய்வு அமைப்பு முன்வைத்தது. 2012-இல் அதே ராம்னி, ஒபாமாவை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்று, ஒபாமா சட்டத்தை ரத்து செய்வேன் என்று மேடை மேடையாகப் பேசினார். அரசியல்.

ஹவாய் இன்னும் முன்னோடி. 1974-லேயே, வாரம் 20 மணி நேரம் வேலை செய்யும் ஊழியருக்குக் காப்பீடு தரவேண்டியது முதலாளியின் கடமை என்றது. ஊழியர் பங்கு சம்பளத்தில் 1.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அங்கே கட்டாயம் முதலாளிக்கு, தனிமனிதருக்கு இல்லை. வேறு மாநிலங்கள் இதை நகலெடுக்க முடியவில்லை. ஊழியர் நலத் திட்டங்கள் பற்றிய மத்தியச் சட்டம் ஒன்று தடுக்கிறது. ஹவாய்க்கு மட்டும் நாடாளுமன்றம் தனி விலக்கு கொடுத்திருக்கிறது.

'கட்டாயப்படுத்தக் கூடாது'ன்னே சட்டம் போட்ட மாநிலங்களும் இருக்காமே?

நிறையவே இருக்கின்றன. 'மருத்துவச் சுதந்திரச் சட்டம்' என்பது பொதுப் பெயர். சாரம் இதுதான்: எந்தச் சட்டமும், எந்த நபரையும், நேராகவோ சுற்றிவளைத்தோ, ஒரு காப்பீட்டுத் திட்டத்தில் சேரச் சொல்லி வற்புறுத்தக்கூடாது; மருத்துவருக்கு நேரடியாகக் காசு கொடுத்து வைத்தியம் பார்த்துக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு.

விதை போட்டது அரிசோனா. அங்கே 2008-லேயே மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. ஒரு சதவீதம்கூட இல்லாத வித்தியாசத்தில் தோற்றது. அந்த வாசகத்தை ஒட்டி ஏலெக் என்ற பழமைவாதச் சட்டமன்ற உறுப்பினர்களின் கூட்டமைப்பு ஒரு மாதிரி மசோதாவைத் தயாரித்து மாநிலம் மாநிலமாகக் கொண்டுபோனது. 2010 மார்ச்சில், ஒபாமா கையெழுத்திடுவதற்கு ஆறு நாள் முன்பு, ஐடஹோ ஆளுநர் தன் மாநிலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வர்ஜீனியாவும் அதே மாதம் கொண்டுவந்தது. ஆகஸ்டில் மிசூரியில் வாக்கெடுப்பு; 71 சதவீதம் பேர் 'கட்டாயம் வேண்டாம்' என்றார்கள். நவம்பரில் அரிசோனாவும் ஓக்லஹோமாவும் ஏற்றன, கொலராடோ நிராகரித்தது. 2011-இல் ஒஹையோவும், 2012-இல் அலபாமா, மொன்டானா, வயோமிங்கும் ஏற்றன. புளோரிடாவில் அரசியலமைப்பைத் திருத்த 60 சதவீதம் வேண்டும், பாதிகூடத் தேறவில்லை.

அப்போ அந்த மாநிலங்கள்ல மத்தியச் சட்டம் செல்லாம போச்சா?

போகவில்லை. அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாவது பிரிவுப்படி, செல்லத்தக்க மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால் மத்தியச் சட்டம்தான் நிற்கும். மிசூரிக்காரர் 71 சதவீதம் வாக்களித்தும், 2014-இல் காப்பீடு இல்லாமல் இருந்திருந்தால் மத்திய வரிக்கணக்கில் அபராதம் கட்டியிருப்பார்.

அப்புறம் எதற்கு அந்தச் சட்டங்கள்? வழக்கு போட ஒரு வாசல் வேண்டும் என்பதற்காக. வர்ஜீனியா அதைத்தான் செய்தது. ஒபாமா கையெழுத்திட்ட அன்றே வழக்கு தாக்கல் செய்து, "என் மாநிலச் சட்டத்தோடு உன் சட்டம் மோதுகிறது, எனக்குப் பாதிப்பு" என்றது. டிசம்பரில் நீதிபதி ஹென்றி ஹட்சன் அதன் பக்கம் தீர்ப்பளித்தார். அடுத்த செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. அபராதம் கட்டப்போவது தனிமனிதர்கள், மாநிலம் அல்ல. மத்தியச் சட்டத்தோடு மோதுவதற்கென்றே ஒரு சட்டத்தை எழுதிக்கொண்டு வந்து வழக்காட உரிமை கேட்க முடியாது என்பது காரணம். எனக்குச் சரியாகவே படுகிறது. இல்லாவிட்டால் பிடிக்காத ஒவ்வொரு மத்தியச் சட்டத்துக்கும் ஒரு மாநிலம் எதிர்ச்சட்டம் எழுதிவைத்துக்கொண்டு நீதிமன்றப் படியேறும்.

சுப்ரீம் கோர்ட் கடைசியா என்னதான் சொல்லுச்சு?

இரண்டு முறை சொன்னது. 26 மாநிலங்கள் சேர்ந்து போட்ட வழக்கில், 2012 ஜூன் 28 அன்று 5–4 என்று தீர்ப்பு. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதியதன் சுருக்கம்: வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை வைத்து, ஒரு பொருளை வாங்கு என்று மத்திய அரசு ஆணையிட முடியாது, ஆனால் வாங்காதவரிடம் வரி வாங்கலாம். சட்டம் அதை அபராதம் என்றே அழைத்தாலும், வரியைப் போல வசூலாவதால் வரிதான். ஆணையாகத் தோற்றது, வரியாகப் பிழைத்தது.

சரி, தொகை பூஜ்யமானால் அது வரியா? இதைத்தான் டெக்சாஸ் கேட்டது. வரி இல்லையென்றால் ஆணை செல்லாது, ஆணை செல்லாவிட்டால் சட்டம் முழுவதும் விழ வேண்டும் என்று வாதாடியது. 2021 ஜூன் 17 அன்று 7–2 என்று தள்ளுபடி. 0 டாலரால் யாருக்கும் நஷ்டம் இல்லை, நஷ்டம் இல்லாதவர் வழக்கு போட முடியாது என்றார்கள். மூலக் கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை.

நியூஜெர்சி, கலிபோர்னியாவுல எவ்வளவு விழும்?

மத்திய அபராதம் போனதும் இந்த இரண்டும் பழைய மத்தியக் கணக்கையே எடுத்துக்கொண்டன. நியூஜெர்சி 2019 முதல், கலிபோர்னியா 2020 முதல். நியூஜெர்சியில் அடித்தொகை பெரியவருக்கு 695 டாலர். கலிபோர்னியா விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துகிறது. 2024 வரியாண்டில் பெரியவருக்கு 900, குழந்தைக்கு 450.

ஏமாறுகிற இடம் இங்கேதான். எல்லோர் நினைவிலும் அடித்தொகைதான் இருக்கிறது. சட்டம் சொல்வது அடித்தொகை அல்லது வரித்தாக்கல் எல்லைக்கு (அதற்குக் கீழே வருமானம் என்றால் வரிக்கணக்கே தாக்கல் செய்ய வேண்டாம்) மேலுள்ள வருமானத்தில் 2.5 சதவீதம், எது அதிகமோ அது. கலிபோர்னியாவில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் அடித்தொகை 2,700. எல்லைக்கு மேலே 1,20,000 டாலர் வருமானம் இருந்தால் 2.5 சதவீதம் 3,000. கட்டவேண்டியது 3,000. உச்சவரம்பும் உண்டு; மலிவான வகைத் திட்டத்தின் சராசரி பிரீமியத்தைத் தாண்டாது. இதெல்லாம் வருடம் முழுக்கக் காப்பீடு இல்லாதவருக்கு. சில மாதம்தான் இல்லையென்றால் அந்த மாதங்களுக்கு மட்டும்.

மாசசூசெட்ஸ் கணக்கு வேறு: வருமானத்தைப் பொறுத்து, அங்கே கிடைக்கும் மலிவான திட்டத்தின் பிரீமியத்தில் பாதி வரை. ஏழ்மைக் கோட்டில் ஒன்றரை மடங்கு வரை வருமானம் உள்ளவருக்கு அபராதமே இல்லை.

வெர்மான்ட்ல அபராதமே இல்லாம எதுக்குக் கட்டாயம்?

படிவத்தில் காப்பீடு உண்டா என்று சொல்ல வேண்டும்; இல்லாதவர் யார் என்று மாநிலத்துக்குத் தெரியும், அவர்களைத் தேடி உதவி அனுப்பலாம். மேரிலாந்து கட்டாயமே இல்லாமல் இதைச் செய்கிறது. வரிப் படிவத்தில் 'எனக்குக் காப்பீடு இல்லை, என்ன கிடைக்கும் என்று பாருங்கள்' என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும். எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது.

அம்மா அப்பா ஆறு மாசம் வந்து தங்கியிருக்காங்க. அவங்களுக்கும் அபராதமா?

இல்லை. சுற்றுலா விசாவில் வந்தவர்கள் இந்த மாநில வரிக்கணக்கு தாக்கல் செய்பவர்களும் இல்லை, உங்கள் படிவத்தில் சார்ந்தவர்களாக ஏறுபவர்களும் இல்லை. ஆனால் அபராதம் இல்லை என்பதால் பயணக் காப்பீடு எடுக்காமல் கூட்டிவராதீர்கள்.

ஊர்ல எடுத்த பாலிசி இருக்கு. அதைக் காட்டலாமா?

காட்டலாம், செல்லாது. பயணக் காப்பீடும் செல்லாது, சில மாதங்களுக்கு மலிவாக விற்கும் குறுகியகாலத் திட்டமும் செல்லாது. வேலை வழியாக வரும் வழக்கமான காப்பீடு, அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தையில் வாங்கியது, முதியோருக்கான அரசுத் திட்டமான மெடிக்கேர், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் இவை செல்லும். மாசசூசெட்ஸ் மட்டும் இன்னும் கறார். மருந்துச் செலவு அடங்க வேண்டும், நம் கையிலிருந்து முதலில் கட்டும் தொகைக்கு வரம்பு வேண்டும் என்று தனி அளவுகோல் வைத்திருக்கிறது. வேறு மாநில நிறுவனத்தின் திட்டத்தோடு பாஸ்டனில் இருப்பவர்கள் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேலை போயிடுச்சு. புது வேலை கிடைக்கிற வரைக்கும் ரெண்டு மாசம் காலி. மாட்டிக்குவேனா?

மாட்ட மாட்டீர்கள். நியூஜெர்சியில் மூன்று மாதத்துக்குக் குறைவான இடைவெளிக்கு விலக்கு. கலிபோர்னியாவிலும் மாசசூசெட்ஸிலும் தொடர்ந்து மூன்று மாதம் வரை. நியூஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் ஒரு மாதத்தில் ஒரு நாள் காப்பீடு இருந்தாலே அந்த மாதம் முழுவதும் இருந்ததாகக் கணக்கு.

அபராதத்தைவிட இந்த இரண்டு மாதத்தில் நோய் வந்தால் என்ன என்பதுதான் கவலை. காப்ரா என்ற ஏற்பாட்டில் பழைய நிறுவனத்தின் காப்பீட்டையே முழுப் பிரீமியமும் நீங்களே கட்டித் தொடரலாம். முடிவெடுக்க 60 நாள் அவகாசம். எடுத்தால் பழைய காப்பீடு நின்ற நாளிலிருந்தே செல்லும். அந்த 60 நாள் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தோம்.

ஜூன்லதான் டெக்சாஸ்லேர்ந்து நியூஜெர்சி வந்தேன். அங்க இருந்தப்போ காப்பீடு இல்ல.

நியூஜெர்சியில் குடியிருந்த மாதங்களுக்கு மட்டும்தான் கேள்வி. டெக்சாஸ் மாதங்களைப் பற்றி இந்தப் படிவம் கேட்காது.

கட்டாயம் வச்சதால பலன் கிடைச்சுதா, இல்ல சும்மா வசூலா?

மாசசூசெட்ஸில் காப்பீடு இல்லாதவர் விகிதம் நாட்டிலேயே மிகக் குறைவு. டெக்சாஸில் மிக அதிகம். இதை மட்டும் சொல்லி வாதத்தை முடித்துவிடலாம், ஆனால் அது நேர்மையாக இருக்காது. மாசசூசெட்ஸ் கட்டாயத்தோடு மானியமும் கொடுத்தது. டெக்சாஸ், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தை விரிவாக்க மறுத்த மாநிலம். எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரிப்பது கஷ்டம். என் எண்ணம், மானியம் இல்லாத கட்டாயம் ஏழையிடம் வாங்கும் தண்டம்தான். நியூஜெர்சி அபராதப் பணத்தைப் பிரீமியத்தைக் குறைக்கும் மறுகாப்பீட்டு நிதிக்குத் திருப்புகிறது என்பதால் எனக்குப் பெரிய புகார் இல்லை.

மத்திய அபராதமே இல்லைன்னா அந்தச் 'சுதந்திரச் சட்டங்கள்' இப்போ வெறும் காகிதம்தானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வயோமிங்கைப் பாருங்கள். மேலே சொன்ன 2012 திருத்தம், தகுதியுள்ள வயதுவந்த ஒவ்வொருவருக்கும் தன் மருத்துவ முடிவைத் தானே எடுக்கும் உரிமை உண்டு என்று அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டது. ஒபாமாவை மனதில் வைத்து எழுதியது. பத்து வருடம் கழித்து அதே மாநிலம் கருக்கலைப்பைத் தடை செய்தது. 2023-இல் கருக்கலைப்பு மாத்திரைக்குத் தனித் தடையும் போட்டது. பெண்களும் மருத்துவர்களும் நீதிமன்றம் போய், "உங்கள் திருத்தத்தையே படியுங்கள்" என்றார்கள். கருக்கலைப்பு மருத்துவமே இல்லை என்று அரசுத் தரப்பு வாதாடியது. 2024 நவம்பரில் டீடன் கவுண்டி நீதிபதி அந்தத் திருத்தத்தைக் காட்டியே இரண்டு தடைகளும் செல்லாது என்றார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. ஒரு கட்சியின் கோபத்தில் எழுதிய வரி, அதே கட்சியின் வேறொரு சட்டத்தைக் கவிழ்த்தது.

எனக்கு 28 வயசு, ஒரு வியாதியும் இல்ல. 695 டாலர் அபராதம் கட்டிட்டுப் போறேன், மலிவுதானே?

போன வருடம் எங்கள் குடியிருப்பில் ஒரு தம்பி இதையே கேட்டான். ஒப்பந்த வேலை, நிறுவனம் காப்பீடு தரவில்லை, வருடம் 60,000 டாலர். முதலில் கணக்கைத் திருத்தினேன். நியூஜெர்சியில் தனிநபருக்கு வரித்தாக்கல் எல்லை 10,000. மீதி 50,000-இல் 2.5 சதவீதம் என்றால் 1,250. "பரவாயில்லக்கா, அதுவும் பிரீமியத்தைவிடக் கம்மிதான்" என்றான். தப்பில்லை, கம்மிதான்.

மே மாதம் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் பந்தைத் துரத்தி ஓடியவனுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. காப்பீடு வாங்கப் பார்த்தால் சேர்க்கைக் காலம் நவம்பரில் தொடங்கி எப்போதோ முடிந்திருந்தது. வேலை போவது, கல்யாணம், குழந்தை, இடமாற்றம் போன்றவற்றுக்குத்தான் நடுவில் சேரலாம். கால் உடைந்ததற்குச் சேர முடியாது. அப்பாவிடம் கடன் வாங்கிக் கட்டினான். பிப்ரவரியில் படிவத்தோடு வந்து, ஆஸ்பத்திரிக்குக் கட்டியதைக் காட்டி அபராதத்தில் கழிக்கலாமா என்று கேட்டான். கழிக்க முடியாது. கட்ட முடியாமல் நிற்கும் மருத்துவக் கடன் என்றால் நெருக்கடி விலக்கு கேட்கலாம், அவன்தான் கட்டிவிட்டானே.